நாற்றங்கால் இல்லாமல் நடவு இல்லை

2015 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில், சொந்த ஊர் ரசிகர்கள் எதிரணி அடித்த கோலுக்குக் கை தட்டினார்கள். பஃபலோ சேபர்ஸும் அரிசோனா கயோட்டீஸும் 3-3 என்று சமமாக நின்றபோது, கூடுதல் நேரத்தில் அரிசோனாவின் சாம் காக்னர் வெற்றிக் கோலை அடித்தார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, சேபர்ஸ் சட்டையோடு வந்திருந்தவர்களில் பலர் கொண்டாடினார்கள். காரணம் இதுதான்: அந்த ஆண்டு புதுமுகத் தேர்வுக்கு வரவிருந்த கானர் மெக்டேவிட், ஒரு தலைமுறைக்கு ஒருவராக வரும் வீரர் என்று பேசப்பட்டார். பட்டியலில் கடைசியில் நிற்கும் அணிக்கே அவரைப் பெறும் வாய்ப்பு அதிகம். பஃபலோவும் அரிசோனாவும் அந்தக் கடைசி இடத்துக்குத்தான் போட்டியில் இருந்தன. தோற்பதே லாபம் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். பனித்தளத்தில் நின்ற சேபர்ஸ் வீரர்களின் காதில் அந்தக் கைதட்டல் விழுந்தது. அது தங்களை வருத்தியதை ஆட்டம் முடிந்ததும் அவர்கள் மறைக்கவும் இல்லை. ஓர் அணியை அடியோடு கலைத்து மறுபடி கட்டுவது எப்படி என்ற கேள்விக்கு, அந்த இரவும் அதற்குப் பின் வந்த பத்து ஆண்டுகளும் தெளிவான பாடம் வைத்திருக்கின்றன. நிர்வாகங்கள் அதை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்பதே என் கவலை.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்எச்எல், இயங்கும் விதத்தைச் சற்றுப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு புரியும். ஐரோப்பியக் கால்பந்தைப் போல இங்கே கடைசியில் வரும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவதில்லை. மாறாக, அதற்குச் சலுகை உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில், பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பின்தங்கிய அணிகளுக்கே முதலில் போகிறது. முதல் சில இடங்களுக்கு மட்டும் குலுக்கல். 2005-06 முதல் சம்பள உச்சவரம்பும் இருக்கிறது. அப்போது 3.9 கோடி டாலராக இருந்த வரம்பு, 2025-26 பருவத்தில் 9.55 கோடி டாலர். எவ்வளவு பணக்கார உரிமையாளராக இருந்தாலும் அதற்கு மேல் செலவிட முடியாது. ஆகவே நட்சத்திரங்களை விலைக்கு வாங்கிக் குவிப்பது நடக்காத காரியம். இளைஞர்களை எடுத்து, வளர்த்து, அவர்களின் சம்பளம் ஏறுவதற்குள் லீகின் ஸ்டான்லி கோப்பையை நோக்கி நகர்வதே வழி. இதிலிருந்துதான் 'முழுதாகக் கலைத்துவிடு, சில ஆண்டுகள் தோற்றுக்கொண்டிரு, முதல் தேர்வுகளைச் சேர்த்துக்கொள்' என்ற சூத்திரம் பிறந்தது. கேட்பதற்கு அறிவார்ந்த திட்டமாகவே இருக்கிறது. ஆனால் அதில் பாதிதான் உண்மை. விடுபட்ட மறுபாதிதான் அணிகளைக் கவிழ்க்கிறது.

பஃபலோவுக்கு நடந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தை அவர்கள் 54 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தார்கள். குலுக்கலில் முதலிடம் கிடைக்க 20 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. 11.5 விழுக்காடு வாய்ப்பே இருந்த எட்மன்டன் ஆயிலர்ஸுக்குச் சீட்டு விழுந்தது. மெக்டேவிட் அங்கே போனார். இரண்டாவது தேர்வாகப் பஃபலோ எடுத்தது ஜாக் ஐகலை. அவரும் சாதாரண ஆள் இல்லை. முந்தைய ஆண்டு இரண்டாவது தேர்வாக எடுத்த சாம் ரைன்ஹார்ட் ஏற்கெனவே கையில் இருந்தார். 2018-லும் 2021-லும் முதல் தேர்வே கிடைத்து, ராஸ்மஸ் டாலினும் ஓவன் பவரும் வந்தார்கள். விதைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 பருவங்கள் பிளே-ஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) வாசலை அந்த அணி மிதிக்கவில்லை. என்எச்எல் வரலாற்றிலேயே இவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் வந்ததில்லை. இதைவிட வேதனை, விட்டுப் போனவர்களின் கதை. ரயன் ஓ'ரைலி 2018-ல் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டே அங்கே ஸ்டான்லி கோப்பையை வென்று, பிளே-ஆஃபின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். ஐகல் 2023-ல் வேகஸ் அணி கோப்பை வென்றபோது பிளே-ஆஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். ரைன்ஹார்ட் 2024 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் ஃபுளோரிடாவுக்காக வெற்றிக் கோலை அடித்தார். 2025-ல் கோப்பையை முடிவு செய்த ஆட்டத்தில் அவர் மட்டும் நான்கு கோல். பஃபலோ பொறுக்கியெடுத்த மணிகள் வேறு நிலத்தில் விளைந்தன.

ஆகவே தவறு தேர்வில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. 2013 முதல் 2015 வரை பஃபலோ நிர்வாகம் அனுபவம் வாய்ந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவிட்டது. ஜேசன் பாமின்வில் போனார். தாமஸ் வானெக் போனார். பல ஆண்டுகள் கோல் காத்த ரயன் மில்லர் போனார். 2015-ல் ஓரளவு நன்றாக ஆடிக்கொண்டிருந்த யோனாஸ் என்ராத், மிகால் நொய்விர்த் என்ற இரண்டு கோல்கீப்பர்களும் சில வாரங்களுக்குள் கைமாற்றப்பட்டார்கள். இப்படி வெறுமையான வீட்டுக்குள்தான் பதினெட்டு வயது ஐகல் குடிவந்தார். அவர் அங்கே ஆடிய ஆறு பருவங்களுக்குள் மூன்று பொது மேலாளர்களைப் பார்த்தார். டேன் பைல்ஸ்மா, பில் ஹவுஸ்லி, ரால்ஃப் குரூகர் என்று மூன்று பயிற்சியாளர்களின் கீழ் ஆடினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாடத்திட்டம், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்ட முறை. 2018-ல் அணி மறுபடி கடைசி இடத்தில் முடித்தபோது, தோற்பதைச் சகஜமாக ஏற்கும் மனநிலை அணிக்குள் வந்துவிட்டது என்றும், ஆட்டத்தின் மீது தனக்கிருந்த பிரியமே பல நேரங்களில் போய்விட்டது என்றும் ஓ'ரைலி வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு கோப்பையின் சிறந்த வீரரான அதே மனிதரின் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. தோல்வி ஒரு பழக்கமாகிவிட்டால், திட்டமிட்ட தேதியில் அதை நிறுத்திவிட முடியாது.

அனுபவ வீரர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஆட்டத்தின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு உடையணியும் இருபது பேரில் இருவர் கோல்கீப்பர்கள். மற்றவர்களில் வழக்கமாகப் பன்னிரண்டு பேர் முன்களம், ஆறு பேர் தற்காப்பு. முன்களத்தார் மூவர் மூவராக நான்கு வரிசை. ஒரு வரிசை முக்கால் நிமிட அளவுக்கு முழு மூச்சோடு சறுக்கிவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டிக் குதித்து இடம் மாற்றிக்கொள்ளும். இந்த முக்கால் நிமிடங்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. தன் கோலுக்கு முன்னால் நடக்கும் ஃபேஸ்-ஆஃப் (நடுவர் போடும் வட்டுக்காக இருவர் மோதும் தொடக்கம்), ஒருவர் தண்டனையில் வெளியேறி நால்வராகத் தாக்குப்பிடிக்கும் இரண்டு நிமிடம், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது வரும் கடைசி நிமிடம் ஆகியவை முரட்டு வேலைகள். அவற்றைச் செய்ய அணியில் ஆள் இல்லையென்றால், அந்தச் சுமை பத்தொன்பது வயதுப் பையனின் தோளில்தான் விழும். அவன் எதிரணியின் மிகச் சிறந்த வரிசைக்கு எதிராக, மிக மோசமான இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவான். தோற்பான். தவறைத் திருத்திக்கொள்ளவும் நேரம் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவும் ஆள் இருக்காது. அதே வேலையை முப்பது வயது சென்டர் (முன்களத்தின் நடு வீரர்) ஒருவர் சுமந்தால், பையன் எதிரணிக் கோலுக்கு அருகே, எளிய எதிரிகளுக்கு எதிராகத் தொடங்கி, தன் திறமையை நம்பக் கற்றுக்கொள்வான். 'மூத்தவர்கள் இளைஞர்களின் இடத்தைப் பறிக்கிறார்கள்' என்று அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. சரியான மூத்தவர் எடுத்துக்கொள்வது இளைஞனை முறிக்கக்கூடிய நிமிடங்களை. அவனை வளர்க்கக்கூடிய நிமிடங்கள் அவனிடமே இருக்கும்.

ஆட்டத்துக்கு வெளியே இது இன்னும் ஆழமானது. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸும் தோல்வியின் அடியாழத்தைத் தொட்ட அணிதான். 2003 முதல் 2006 வரை நான்கு ஆண்டுகளும் முதல் அல்லது இரண்டாவது தேர்வைப் பெற்றது. ஆனால் சிட்னி கிராஸ்பி 2005-ல் வந்து சேர்ந்தபோது, அவர் குடியிருந்தது அணியின் உரிமையாளரும் அப்போதும் ஆடிக்கொண்டிருந்த மேதையுமான மரியோ லெமியூவின் வீட்டில். மறு ஆண்டு ரஷ்யாவிலிருந்து ஆங்கிலம் தெரியாமல் வந்த யெவ்கெனி மால்கினை, செர்கெய் கோன்சார் என்ற மூத்த தற்காப்பு வீரர் தன் குடும்பத்தோடு வைத்துக்கொண்டார். கோன்சாரை 2005-லேயே ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், 2.5 கோடி டாலருக்கு, அந்த அணி எடுத்திருந்தது. கடைசி இடத்தில் தத்தளிக்கும் அணிக்கு முப்பதைத் தாண்டிய ஒருவர் இவ்வளவு விலையில் எதற்கு என்று அன்று கேட்டிருக்கலாம். மால்கின் 2007-ல் சிறந்த புதுமுக வீரரானார். அணி ஒரே ஆண்டில் 58 புள்ளிகளிலிருந்து 105-க்கு ஏறியது. 2009-ல் கோப்பை வந்தபோது கோன்சாரும் அதே சட்டையில் இருந்தார். சான் ஹோசே அணி 2024-ல் முதல் தேர்வாக எடுத்த மாக்லின் செலப்ரினி, முதல் பருவத்தில் ஜோ தார்ன்டன் குடும்பத்தோடு தங்கியதும் இதே அறிவின் தொடர்ச்சி. பயிற்சிக்கு எப்போது கிளம்ப வேண்டும், தோற்ற இரவில் எப்படித் தூங்க வேண்டும், பத்திரிகையாளர் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் பாடங்கள் அல்ல. ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழகுவதால் வருபவை.

எந்த இடத்துக்கான வீரரை முதலில் சேர்ப்பது என்ற வரிசையும் இந்த வாதத்தின் ஒரு பகுதியே. எட்மன்டன் 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து முதல் தேர்வைப் பெற்றது. டெய்லர் ஹால், ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், நைல் யாகுபோவ் என மூவரும் முன்கள வீரர்கள். அவர்களில் இருவர் ஓரத்தில் ஆடுபவர்கள். வட்டைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து கொடுக்கும் தற்காப்பு வரிசை அவர்களுக்குப் பின்னால் உருவாகவே இல்லை. 2006-07 முதல் பத்துப் பருவங்கள் அந்த அணி பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது. கடைசியில் 2016 ஜூன் 29 அன்று, ஒரு தற்காப்பு வீரர் கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்து, ஆடம் லார்சன் என்ற ஒருவருக்காக ஹாலை நியூ ஜெர்சிக்குக் கொடுத்தது. லார்சன் நம்பகமான ஆட்டக்காரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹால் 2018-ல் லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை வாங்கினார். வீட்டுக்குத் தூண் நடாமல் கூரை ஓடுகளை மட்டும் வாங்கி அடுக்கியவர், பிறகு ஓடுகளை விற்றுத் தூண் வாங்க நேர்ந்த கதை இது. சென்டர், முதல் ஜோடித் தற்காப்பு, கோல்கீப்பர் ஆகிய மூன்றும் சந்தையில் எளிதில் கிடைக்காதவை. அவற்றைத்தான் டிராஃப்டிலும் பொறுமையிலும் தேட வேண்டும். கோல் அடிக்கும் ஓர வீரரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். உண்மையில், மறுகட்டுமானத்தில் இருக்கும் அணியிடம்தான் பணம் செலவிட இடம் அதிகம். டிராஃப்டில் வந்த பையனின் முதல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் பத்து லட்சம் டாலருக்குள்தான். உச்சவரம்பைப் போலவே செலவுக்குக் கீழ்வரம்பும் உண்டு. 2025-26-ல் அது 7.06 கோடி டாலர். ஆகவே எப்படியும் செலவிட்டே ஆக வேண்டும், யாருக்கு என்பதுதான் கேள்வி. இங்கே மான்ட்ரியல் கனடியன்ஸ் காட்டிய வழியை ஊன்றிக் கவனிக்கலாம். 2022 ஆகஸ்டில் கால்கரி அணிக்குச் சம்பளக் கணக்கில் இடம் தேவைப்பட்டது. காயங்களால் பின்தங்கியிருந்த ஷான் மொனஹனை, அவருடைய 63.75 லட்சம் டாலர் சம்பளத்தோடு மான்ட்ரியல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கியது. மொனஹன் இளைஞர்களுக்கு நடுவே சென்டராக ஆடினார், காயத்திலிருந்து மீண்டார், குறைந்த சம்பளத்துக்கு மறுபடி கையெழுத்திட்டார். 2024 பிப்ரவரியில் வின்னிபெக் அணி அவரைக் கேட்டபோது, மான்ட்ரியலுக்கு இன்னொரு முதல் சுற்றுத் தேர்வு கிடைத்தது. ஒரே மூத்த வீரர் இளைஞர்களின் சுமையையும் சுமந்தார், இரண்டு எதிர்காலத் தேர்வுகளையும் கொண்டுவந்தார். டேவிட் சவார்டோ வேறு வகை. டாம்பாவோடு கோப்பை வென்று வந்த அந்தத் தற்காப்பு வீரரை ஒப்பந்தம் முடிந்து அவர் ஓய்வு பெறும்வரை மான்ட்ரியல் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரே பருவத்தில் பல புதுமுகங்கள் தற்காப்பில் இறங்கியபோது அவர் பக்கத்தில் நின்றதன் மதிப்பு எந்தத் தேர்வுப் பட்டியலிலும் ஏறாது. பயிற்சியாளர் மார்ட்டின் செயின்ட் லூயியும் மாற்றப்படவில்லை. 2021-22-ல் 55 புள்ளிகளோடு கடைசியில் இருந்த அணி 68, 76, 91 என்று படிப்படியாக ஏறி 2025-ல் பிளே-ஆஃப் ஆடியது. அங்கே முதல் சுற்றிலேயே வாஷிங்டனிடம் தோற்றது. அதைக் கோப்பைக்கு ஈடாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறும் படி என்பது அப்படித்தான் இருக்கும்.

ஒப்பந்தங்களின் நேரமும் அணி கட்டும் கலையில் சேர்ந்ததே. மான்ட்ரியல் தன் தலைவர் நிக் சுசூகியை எட்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 78.75 லட்சம் டாலருக்குப் பிணைத்தது. அடுத்து வந்த கோல் காஃபீல்டும் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் அதற்குச் சற்றுக் கீழே, அதே எட்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார்கள். தலைவரின் சம்பளமே மற்றவர்களுக்கு அளவுகோல் ஆனது. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் இதற்கு நேர்மாறு. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வளரும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த ஊர் அணி என்பதால், அதன் கதை நமக்கும் சற்று நெருக்கமானது. 2016-ல் கடைசி இடத்தில் நின்று ஆஸ்டன் மேத்யூஸை முதல் தேர்வாக எடுத்த அந்த அணி, மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர் என்று தேர்வில் ஏறக்குறைய குறையே வைக்கவில்லை. ஆனால் 2018-ல் ஜான் டவாரஸை ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கு வெளியிலிருந்து எடுத்ததும், மற்ற மூவரின் கோரிக்கையும் அந்த உயரத்தைப் பார்த்தே எழுந்தது. 2019-20-ல் நால்வருக்கும் சேர்த்துச் சுமார் 4.05 கோடி டாலர். உச்சவரம்பு 8.15 கோடி. பெருந்தொற்று வந்து வரம்பு அங்கேயே உறைந்தது. பாதிப் பணம் நால்வருக்கு, மீதிப் பாதியில் பத்தொன்பது பேரைப் பிழைக்கவைக்க வேண்டும். 2017 முதல் 2025 வரை ஆண்டுதோறும் பிளே-ஆஃபுக்குப் போன அணி, வென்ற சுற்றுகள் இரண்டே இரண்டு. பருவம் முழுக்க ஜொலித்தவர்கள் வசந்த காலத்தில் தளர்ந்ததற்கு அவர்களின் மன உறுதியைக் குறை சொன்னவர்கள் ஏராளம். நடுவரிசையில் ஆளில்லாத கணக்கையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டாப் தேர்வுகள் இல்லாமல் யார் கோப்பை வென்றார்கள் என்பதே அது. பிட்ஸ்பர்க்குக்குக் கிராஸ்பி, சிகாகோவுக்குப் பேட்ரிக் கேன், வாஷிங்டனுக்கு அலெக்ஸ் ஒவெச்கின், டாம்பாவுக்கு ஸ்டீவன் ஸ்டாம்கோஸும் விக்டர் ஹெட்மனும், கொலராடோவுக்கு நேதன் மெக்கின்னன். எல்லோரும் முதல் அல்லது இரண்டாவது தேர்வுகள். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டேன். ஆனால் இந்தப் பட்டியல் வென்றவர்களை மட்டும் எண்ணுகிறது. அதே உயரத்தில் தேர்ந்தெடுத்தும் வெறுங்கையோடு நின்ற எட்மன்டனையும் பஃபலோவையும் சேர்த்து எண்ணினால், நட்சத்திரம் தேவையான ஒன்று, போதுமான ஒன்று அல்ல என்பது விளங்கும். வென்றவர்களின் பட்டியலையும் கீழே இறங்கிப் பாருங்கள். டாம்பாவின் நிகிதா குச்செரோவ் 58-வது தேர்வு, பிரேடன் பாயின்ட் 79-வது. ஃபுளோரிடா 2013-ல் அலெக்சாண்டர் பார்கோவை இரண்டாவதாகவும் 2014-ல் ஆரன் எக்பிளாடை முதலாவதாகவும் எடுத்தது. கோப்பை வந்ததோ 2024-ல். நடுவே மற்றோர் அணி கைவிட்ட குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021-ல் விடுவிப்புப் பட்டியலிலிருந்து எடுத்து, முதல் ஜோடித் தற்காப்பு வீரராக்கிய பொறுமை இருந்தது. பஃபலோ விட்ட ரைன்ஹார்ட்டை அடையாளம் கண்ட கண் இருந்தது. முதல் தேர்வு கதவைத் திறக்கிறது. வீட்டைக் கட்டுவது அதற்குப் பிறகு வரும் ஐம்பது சின்ன முடிவுகள்.

கடைசி இடத்துக்காகவே ஓடுவது வாய்ப்புக் கணக்கிலும் நிற்பதில்லை. இப்போதைய விதிப்படி, கடைசியில் முடிக்கும் அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 விழுக்காடு. நான்கு முறை தோற்றுத் தவம் கிடந்தால் ஒருமுறை பலிக்கும். ஐந்தாண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் குலுக்கலில் வெல்லவும் முடியாது. கொலராடோவின் அனுபவம் இதை அழகாகக் காட்டுகிறது. 2016-17-ல் வெறும் 48 புள்ளிகளோடு பரிதாபமாக முடித்த அந்த அணி, குலுக்கலில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அப்போது அழுதவர்கள் உண்டு. அந்த நான்காவது தேர்வில் வந்தவர் கேல் மகார். அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட மூவரையும் தாண்டி அந்த ஆண்டுத் தேர்வின் சிறந்த வீரராக அவர் நிமிர்ந்தார். அதைவிட முக்கியம், பொது மேலாளர் ஜோ சாகிக் அந்த 48 புள்ளி அவமானத்துக்குப் பிறகும் அணியைக் கலைக்காதது. மெக்கின்னன், கேப்ரியல் லாண்டஸ்காக், மிக்கோ ரான்டனன் ஆகியோரை வைத்துக்கொண்டார். விலக விரும்பிய மேட் டுஷேனை மட்டும், தகுந்த விலை வரும்வரை பல மாதங்கள் காத்திருந்து, 2017 நவம்பரில் கொடுத்தார். அந்தக் கைமாற்றத்தில் வந்த சாமுவேல் ஜிரார்டும், அதில் கிடைத்த தேர்வில் எடுக்கப்பட்ட போவன் பைரமும் 2022-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார்கள். கலைக்காமல் விட்ட அணி மறு ஆண்டே 95 புள்ளிகள் எடுத்துப் பிளே-ஆஃபுக்குப் போயிருந்தது.

இன்னொரு மறுப்பும் நியாயமானது. மூத்தவர்களை வைத்துக்கொண்டால் கடைசியிலும் இல்லாமல் முதலிலும் இல்லாமல் நடுவில் சிக்கிக்கொள்வோமே என்கிறார்கள். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அதற்குக் கண்முன் சாட்சி. ஸ்டீவ் ஐசர்மன் 2019-ல் பொது மேலாளராக வந்தார். 2022-ல் ஆண்ட்ரூ காப்பை ஐந்தாண்டுக்கும், பென் கியாரட்டை நான்காண்டுக்கும் எடுத்தார். 2023-24-ல் வாஷிங்டனோடு சமமாக 91 புள்ளி எடுத்தும், வெற்றிகளை எண்ணிப் பார்க்கும் விதியால் வெளியே நின்றது அந்த அணி. இதிலிருந்து நான் எடுக்கும் பாடம் மூத்தவர்கள் வேண்டாம் என்பது அல்ல, அவர்களுடைய ஒப்பந்தம் எவ்வளவு நீளம் என்பதில் கறாராக இருக்க வேண்டும் என்பது. ஹாக்கியில் முன்கள வீரரின் கோல் வளம் இருபதுகளின் நடுவில் உச்சம் தொட்டு, முப்பதை ஒட்டி இறங்கும். ஓராண்டு, இரண்டாண்டுக்கு வரும் மூத்தவர் இளைஞன் வளரும்வரை இடத்தைக் காத்துக் கொடுக்கிறார். ஐந்தாண்டுக்கு வருபவர், அந்த இளைஞன் தயாராகும் வேளையில் அவனுடைய இடத்திலும் சம்பளத்திலும் உட்கார்ந்திருப்பார். பந்தல்கால் கொடி படரும்வரை நிற்க வேண்டியது. காய்க்கும் காலத்தில் அது கொடியின் மேல் சாய்ந்து கிடக்கக் கூடாது.

விற்றதெல்லாம் வீணாகிவிடவில்லை, ஓ'ரைலியைக் கொடுத்து வாங்கிய டேஜ் தாம்ப்சன் ஒரு பருவத்தில் 47 கோல் அடித்தாரே என்றும் பஃபலோவுக்காகப் பேசலாம். ஐகல் பிரிந்ததில் கழுத்து அறுவை சிகிச்சை பற்றிய தகராறும் இருந்ததை நினைவூட்டலாம். இரண்டும் உண்மை. தாம்ப்சன் அருமையான வீரர். ஆனால் அவர் மலர நான்கு பருவங்கள் ஆயின. அதற்குள் ஐகலும் ரைன்ஹார்ட்டும் கிளம்பிவிட்டார்கள். ஒரு தலைமுறை தயாராகும்போது முந்தைய தலைமுறையை இழந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதையே அந்த அணி பத்து ஆண்டுகளாகச் செய்தது. மறுகட்டுமானத்துக்கு நேரும் மிகப் பெரிய சேதம் இதுதான். தேர்வுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தும், அவை ஒரே காலத்தில் ஒன்றுசேரவில்லை. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் நூலாக இருந்திருக்க வேண்டியவர்களைத்தான் 2013 தொடங்கி விற்றுத் தீர்த்திருந்தார்கள்.

ஆகவே புதிதாகக் கட்டத் தொடங்கும் எந்த நிர்வாகமும், 23 பேர் கொண்ட பட்டியலை எழுதும்போதே சில உறுதிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சுமையைத் தாங்கும் இரண்டு அனுபவ சென்டர்கள், ஒவ்வொரு இளம் தற்காப்பு வீரருக்கும் பக்கத்தில் ஒரு பழுத்த துணை, ஒவ்வோர் இரவும் ஆட்டத்தைக் கையில் வைத்திருக்கும் நம்பகமான கோல்கீப்பர் ஆகியோருக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை இளைஞர்களுக்குத் தரட்டும். மூத்தவர்களின் ஒப்பந்தம் குறுகியதாகவும் இளைஞர்களின் ஒப்பந்தம் நீண்டதாகவும் இருக்கட்டும். பயிற்சியாளருக்கு ஒரு தலைமுறை வளரும் அளவுக்கு அவகாசம் கொடுக்கட்டும். இப்படிக் கட்டினாலும் அந்த அணி தோற்கும், நிறையவே தோற்கும். பிட்ஸ்பர்க் தோற்றது, மான்ட்ரியலும் தோற்றது. ஆனால் வெல்ல முயன்று தோற்பதைப் பதினெட்டு வயதுப் பையன் பார்த்தால், மறுநாள் எப்படி எழுந்து வருவது என்பதைக் கற்றுக்கொள்வான். தோற்பதற்காகவே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டால் கற்றுக்கொள்வது வேறொன்று. தன் அணியின் தோல்விக்குக் கை தட்டிய அந்த மார்ச் இரவின் ரசிகர்கள் கெட்டவர்கள் அல்லர். நம்பிக்கையோடு காத்திருக்கத் தயாராக இருந்தவர்கள். அவர்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். எதிரணி கோலுக்குக் கை தட்டும்படி ஒரு ரசிகரைக் கேட்காத திட்டமே மறுகட்டுமானம் என்ற பெயருக்குத் தகுதியானது.